எந்தக் கண்? எந்த இமை?

"உங்க பொண்ணு என்ன வேலை பார்க்கிறா?" என்று யாராவது கேட்டால், ரொம்ப நாள் வரைக்கும் எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியாது. "கம்ப்யூட்டர்ல கோடு போடற வேலை" என்பேன். ஒரு தடவை எதிர்வீட்டு அக்கா, "கோலத்துக்குப் போடற கோடா?" என்று கேட்டுவிட்டார்கள். இதை மகளிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கோடு இல்லேம்மா, கோட். ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு நம்பர் இருக்கு. டாக்டர் எழுதினதைப் படிச்சு, அதுக்கு உண்டான நம்பரைப் போடணும். அதுதான் மெடிக்கல் கோடிங்."

எங்கள் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் பி.எஸ்ஸி. முடித்த பெண்கள் பலர் இந்த வேலைக்குத் திருச்சிக்கும் சென்னைக்கும் போகிறார்கள். என் மகள் 2022-ல் திருச்சியில் சேர்ந்தாள். அவள் படிப்பதெல்லாம் அமெரிக்க நோயாளிகளின் குறிப்புகள். எங்கேயோ இருக்கிறவர்களுடைய வியாதிக்கு இங்கே உட்கார்ந்து நம்பர் போட்டு என்ன ஆகப் போகிறது என்று மனசுக்குள் நினைத்ததுண்டு. அந்த நினைப்பு தப்பு என்று என் மாமியாரின் கண் எனக்குப் புரிய வைத்தது.

சகோதரிகளே, பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நாங்கள் பட்ட பாட்டைத் தெரிந்து கொண்டால், உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு காகிதம் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

சின்னக் கட்டிதானே!

மாமியாருக்கு 68 வயது. பாதி நாள் எங்களோடு பெரம்பலூரில் இருப்பார்கள். முந்திரி பூக்கிற காலம் வந்தால் ஜெயங்கொண்டம் பக்கம் இருக்கும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். 2022 ஆவணியில் ஊரில் இருந்தபோது, வலது கண் மேல் ரெப்பையில் கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. நாமக்கட்டி உரசிப் போட்டார்கள். திருநீற்றுப் பச்சிலையைக் கசக்கித் தடவினார்கள். கேட்கவில்லை. அரியலூரில் ஒரு சின்ன கிளினிக்கில் கீறிவிட்டார்கள். ஐந்து நிமிஷ வேலை.

அடுத்த வருஷம் மாசியில் அதே இடத்தில் மறுபடியும் வந்தது. அப்போது எங்களிடம் இருந்தார்கள். பெரம்பலூரில் வேறொரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். "இதுதான் முதல் தடவையா?" என்று கேட்டார் டாக்டர். மாமியார் "ஆமாங்க" என்றார்கள். அந்த டாக்டரிடம் வருவது முதல் தடவையா என்று கேட்கிறார் போல என நினைத்துவிட்டார்கள். எனக்கும் சட்டென்று குறுக்கே பேசத் தோன்றவில்லை. அங்கேயும் கீறி, சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். எடுத்ததை இரண்டு இடத்திலும் பரிசோதனைக்கு அனுப்பவில்லை.

தீபாவளிக்கு மகள் வந்தாள். அப்பாயிக்கு எண்ணெய் தேய்த்து விடும்போது அவள் கை நின்றுவிட்டது. "அப்பாயி, இந்த இடத்தில முடியே இல்லையே?" என்றாள். அப்புறம்தான் நானும் உற்றுப் பார்த்தேன். மூன்றாவது தடவையாகக் கட்டி எழும்பியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் ரெப்பை முடி உதிர்ந்து வழுக்கையாக இருந்தது. கண் ஓரம் சிவந்திருந்தது. லேசாக மஞ்சள் பூத்திருந்தது.

"அம்மா, நான் டாக்டர் இல்லை. ஆனா வயசானவங்களுக்கு ஒரே இடத்துல திரும்பத் திரும்பக் கட்டி வந்தா, எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்னு எங்களுக்குப் பாடத்துலயே சொல்லிக் கொடுத்தாங்க. நாளைக்கே கிளம்புங்க" என்றாள்.

டாக்டரம்மா கேட்ட கேள்வி

திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா இமையைத் திருப்பிப் பார்த்தார். காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழேயும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏற்கெனவே எடுத்தது என்ன கட்டி? ரிப்போர்ட் எங்கே?"

ரிப்போர்ட் ஏது? பையைக் கொட்டித் தேடினேன். இரண்டு சீட்டுகள் அகப்பட்டன. ஒன்றில் "கண் கட்டி, கீறப்பட்டது" என்று ஒரே வரி. எந்தக் கண், எந்த இமை என்று இல்லை. இன்னொன்றில் மாத்திரை பெயரும் சொட்டு மருந்து பெயரும் மட்டும்தான். ஒரு சீட்டு அரியலூரில், ஒரு சீட்டு பெரம்பலூரில். ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமே இல்லாத மாதிரி கிடந்தன. டாக்டரம்மா கோபிக்கவில்லை. "ரெண்டையும் சேர்த்து ஒருத்தர் பார்த்திருந்தா முன்னாடியே சந்தேகம் வந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் "முதல் தடவை இல்லீங்க" என்று நான் சொல்லவில்லையே!

துளி சதை எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். "சதையை எடுத்தா வியாதி பரவிடுமே" என்று உறவுக்காரர்கள் பயம் காட்டினார்கள். அப்படியெல்லாம் ஆகாது, எடுத்துப் பார்க்காமல் எதற்கு வைத்தியம் செய்வது என்று டாக்டரம்மா தைரியம் சொன்னார். முடிவு வந்தது. இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வருகிற புற்றுநோய்.

இமைக்குள் என்ன இருக்கிறது?

நம் இமைக்குள் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. கீழ் இமையைவிட மேல் இமையில் அதிகம். கண்ணீர் சட்டென்று காய்ந்து போகாமல் காப்பது இந்த எண்ணெய்தான். 1666-ல் இவற்றைப் பற்றி விவரமாக எழுதிய ஜெர்மன் டாக்டர் ஹைன்ரிச் மைபோமின் பெயரையே சுரப்பிக்கும் வைத்திருக்கிறார்கள். இதன் வாய் அடைத்துக் கொண்டால் சாதாரணக் கட்டி வருகிறது. குழந்தைகளுக்கும் இளவயதுக்காரர்களுக்கும் வருவதெல்லாம் அநேகமாக இந்த வகைதான். வெந்நீரில் சுத்தமான துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தாலே பல அடங்கிவிடும். ஆகவே இளம் தாய்மார்கள் கலங்க வேண்டாம்.

அபூர்வமாக அதே சுரப்பியில் புற்றுநோய் வரும்போது, அதுவும் சாதாரணக் கட்டி வேஷம் போட்டுக் கொண்டுதான் வருகிறது. வெள்ளைக்காரர்களுக்கு இமையில் வருகிற புற்றுநோயில் பெரும்பாலானது வேறு வகை. அதிகமாகக் கீழ் இமையில் வரும், மெதுவாக வளரும். நம் நாட்டில் கதை வேறு. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை டாக்டர்கள் இமைப் புற்றுநோய் வந்த 536 பேரின் குறிப்புகளை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருந்தது இந்த எண்ணெய்ச் சுரப்பி வகைதான். சும்மா விட்டால் நெறிக்கட்டுக்கும் உடம்பின் மற்ற இடங்களுக்கும் பரவக்கூடியது. அதனால்தான் திரும்பி வரும் கட்டியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது.

வலதா, இடதா?

ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டையில் மனுப் போட வேண்டும். காப்பீட்டுக் காகிதங்களைப் பார்க்கும் பெண் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றாகப் படித்தாள். திடீரென்று தலையை நிமிர்த்தி, "பாட்டிக்கு எந்தக் கண்ணு?" என்று கேட்டாள். "வலது" என்றேன். "டாக்டர் சீட்டுல வலதுன்னு இருக்கு. பயாப்ஸி ரிப்போர்ட்ல இடதுன்னு இருக்கே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சதையை லேபுக்கு அனுப்பும் தாளிலேயே யாரோ அவசரத்தில் மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு வார்த்தை! டாக்டரம்மா தன் குறிப்பைப் பார்த்து எழுதிக் கொடுத்து, லேபில் சரிபார்த்து, திருத்திய ரிப்போர்ட் கையெழுத்தோடு வர எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் மாமியார், "என்னம்மா, எனக்கு எந்தக் கண்ணுன்னு இன்னும் முடிவாகலையா?" என்று கேட்டுக் கொண்டே இருந்தார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ராத்திரி போனில் மகளிடம் புலம்பினேன். "அந்தப் பொண்ணைத் திட்டாதம்மா. அவதான் காப்பாத்தினா. எங்க வேலையும் அதேதான்" என்றாள். அன்றுதான் அவள் வேலை எனக்குப் புரிந்தது.

கதவு நம்பர் போல

வியாதிகளுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான பட்டியல் ஒன்று உண்டு. 1893-ல் பிரான்ஸ் தேசத்து ழாக் பெர்டிலோன் மரணக் காரணங்களுக்காகத் தயாரித்த பட்டியலிலிருந்து வளர்ந்தது. 1948-லிருந்து உலக சுகாதார நிறுவனம் இதைப் பார்த்துக் கொள்கிறது. பத்தாவது திருத்தத்தில் இமைத்தோலின் புற்றுநோய்க்கு உண்டான எண் சி 44.1. வலது, இடது எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். அமெரிக்காவில் அதையே இன்னும் நீட்டி வைத்திருக்கிறார்கள்.

மகள் எனக்கு விளக்கியது இப்படி: "நம்ம வீட்டு விலாசம் மாதிரி நினைச்சுக்கோம்மா. சி 44-னா தோல் புற்றுநோய், அது மாவட்டம். புள்ளிக்கு அப்புறம் 1-னா இமை, அது ஊர். அடுத்த நம்பர் எந்த வகைன்னு சொல்லும். 3-னா எண்ணெய்ச் சுரப்பி, அது தெரு. அடுத்தது 2-னா வலது கண், 9-னா இடது கண். கடைசியில 1-னா மேல் இமை, 2-னா கீழ் இமை, அது கதவு நம்பர். அப்பாயிக்கு சி 44.1321."

எண்ணெய்ச் சுரப்பி வகைக்குத் தனி எண் கொடுத்ததும், மேல் இமை கீழ் இமை என்று பிரித்ததும் 2018 அக்டோபரிலிருந்துதானாம். அதற்கு முன்பு இந்த வகைக்கென்று ஒரு தெருவே இல்லை.

"வெறும் கட்டியா இருந்தா என்ன நம்பர்?" என்று கேட்டேன். "எச் 00.11. அதுவும் வலது மேல் இமைதான். ஆனா அது கண் வியாதிப் பட்டியல், இது புற்றுநோய்ப் பட்டியல். எதுல போடறதுன்னு பயாப்ஸி ரிப்போர்ட்தான் சொல்லும்."

இன்னொன்றும் சொன்னாள். டாக்டர் "புற்றுநோயாக இருக்கலாம்" என்று சந்தேகமாக எழுதியிருந்தால், வெளிநோயாளிக்கு அந்த எண்ணைப் போடக் கூடாது. கட்டி என்று மட்டும்தான் போடலாம். ரிப்போர்ட்டில் உறுதியான பிறகுதான் சி 44. கண் எது என்று எழுதாமல் விட்டிருந்தால் இவர்களாக ஊகித்துப் போடவும் கூடாது. டாக்டரையே திருப்பிக் கேட்க வேண்டும். "டாக்டர் எழுதாதது எங்களுக்கு நடக்காததும்மா" என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. மாமியாருக்கு நடந்த முதல் இரண்டு கீறலும், எழுதாததனால் நடக்காத மாதிரிதானே ஆகிவிட்டது!

கணக்கில் சேருகிற காகிதம்

இந்தக் காகிதங்கள் நமக்கு மட்டும் உபயோகப்படுவதில்லை. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். ஆரம்பத்தில் 12 படுக்கைகள்தான் இருந்தன. யாருக்கு, எந்த ஊரில், எந்த வகைப் புற்றுநோய் வருகிறது என்று கணக்கெடுக்கும் தேசியப் பதிவுத் திட்டத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியபோது, 1982 முதல் மக்கள்தொகைப் பதிவேடு எழுதப்பட்ட மூன்று நகரங்களில் சென்னையும் ஒன்று. மற்ற இரண்டும் பம்பாயும் பெங்களூரும். சென்னைக் கணக்கு அடையாற்றில்தான் எழுதப்பட்டது. பிற்பாடு தமிழ்நாடு முழுவதற்குமான பதிவேட்டுக்கும் அதே ஆஸ்பத்திரி பொறுப்பேற்றது.

இந்தப் பதிவேட்டிலும் எண்கள்தான். இடத்துக்கு ஓர் எண், வகைக்கு ஓர் எண். எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுநோய்க்கு 8410/3. வைத்தியம் திருச்சியில் நடந்தாலும் நோயாளி குடியிருக்கிற மாவட்டத்துக் கணக்கில்தான் சேர்ப்பார்களாம். ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணிவிடாமல் இருக்க, பெயர், வயது, விலாசம் எல்லாம் ஒத்துப் பார்ப்பார்கள். மாமியாருக்கு ஒரு சீட்டில் பெயர் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. ஒன்றில் அரியலூர் மாவட்ட விலாசம், ஒன்றில் பெரம்பலூர். இப்படி இருந்தால் பாவம், எழுதுகிறவர்கள் எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? கணக்கு சரியாக இருந்தால்தானே எந்த மாவட்டத்துக்கு என்ன வசதி வேண்டும் என்று தெரியும்?

பொங்கலன்று ஒற்றைக் கண்

2023 டிசம்பர் கடைசியில் ஆபரேஷன் நடந்தது. கட்டியைச் சுற்றி நல்ல சதையும் கொஞ்சம் சேர்த்து எடுத்தார்கள். ஓரத்தில் வியாதி மிச்சம் இருக்கிறதா என்று அப்போதே உறையவைத்துப் பரிசோதித்தார்கள். மேல் இமையில் பாதி போய்விட்டதால், கீழ் இமையிலிருந்து சதையை மேலே இழுத்துத் தைத்தார்கள். அது பிடித்துக் கொள்ளும்வரை ஆறு வாரம் வலது கண்ணை மூடியே வைத்திருக்க வேண்டும். பொங்கலுக்கு ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்து கரும்பு கடித்தார்கள் என் மாமியார். 2024 மாசியில் தையலைப் பிரித்துக் கண்ணைத் திறந்துவிட்டார்கள். முதலில் பார்த்தது பேத்தியைத்தான்.

எடுத்த சதையின் ஓரங்களில் வியாதி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. நெறிக்கட்டிலும் இல்லை. கண் கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது. அந்த இமையில் முடி கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டி வருகிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. ஒரே இடத்தில் இரண்டாம் தடவை வந்த இமைக் கட்டி, ரெப்பை முடி உதிர்ந்த இடம், ஆறாத புண், ரத்தக் கசிவு, ஒரு கண்ணில் மட்டும் தீராத சிவப்பு இவற்றில் எது இருந்தாலும் கண் டாக்டரிடம் காட்டுங்கள். 40 வயதைத் தாண்டியவர்களுக்குத் தள்ளிப் போடவே கூடாது. கண்டதையும் கசக்கிக் கண்ணில் விடாதீர்கள்.

2. "இது எத்தனாவது தடவை" என்பதை டாக்டர் கேட்கும்முன் நீங்களே சொல்லுங்கள். வேறு ஊரில் காட்டியிருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

3. கட்டியை எடுத்தால், "பரிசோதனைக்கு அனுப்புவீங்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

4. சீட்டை வாங்கியதும் அங்கேயே படித்துப் பாருங்கள், அல்லது படிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். தேதி, எந்தக் கண், எந்த இமை, எத்தனை மில்லிமீட்டர், என்ன செய்தார்கள் எல்லாம் இருக்கிறதா? பயாப்ஸி ரிப்போர்ட்டிலும் அதே கண்தானா? ஆபரேஷன் ஆனபின் வரும் ரிப்போர்ட்டில் ஓரங்களைப் பற்றி எழுதியிருக்கிறதா?

5. ஆதார், காப்பீட்டு அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றிலும் பெயர், இனிஷியல், விலாசம் ஒன்றுபோல இருக்கட்டும். முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம், ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. அதற்கும் இந்தக் காகிதங்கள்தான் ஆதாரம்.

6. உள்நோயாளியாக இருந்த குறிப்புகளை நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் வருஷத்து மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறை சொல்கிறது. மூன்று வருஷம் வரை அவர்கள் பத்திரப்படுத்தவும் வேண்டும். நாம்தான் கேட்பதில்லை.

மாமியாருடைய காகிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கி ஒரு ஃபைலில் கோத்து, மஞ்சப்பையில் போட்டுச் சாமி அறை ஆணியில் மாட்டியிருக்கிறேன். அந்தப் பழைய இரண்டு சீட்டுகளும் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன. அவர்கள் ஊருக்குப் போனால் அந்தப் பையும் கூடவே போகும். பள்ளிக்கூடம் போகாத என் மாமியார், இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் நாற்காலியில் உட்காரும் முன்னாலேயே, "வலது கண்ணு, மேல் ரெப்பை. ரெண்டு தடவை கீறி, மூணாவது தடவை ஆபரேசன். எழுதிக்கம்மா" என்று நர்ஸிடம் சொல்லிவிடுகிறார்கள்.